முப்பது நாள் பிக் அப்

பெங்களூரில் ஜோகுபாளையம் ஏழாவது கிராஸ் தெருவில் சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். போர்டு பொய் என்று சொல்கிறவர் ஒருவர்கூட இருந்ததில்லை.

அது நான்கடிக்கு மூன்றடி கரும்பலகை. குடியிருப்போர் சங்கக் கட்டிடத்தின் சுவரில், தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்தில் மாட்டியிருந்தது. மேல் பாதியில், காவேரித் தண்ணீர் குழாயில் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதியிருக்கும். கீழ்ப் பாதியில் தினம் ஒரு ஆங்கில வார்த்தை, அதன் அர்த்தம், அதே அர்த்தம் தருகிற இன்னொரு வார்த்தை, உபயோகித்துக் காட்ட ஒரு வாக்கியம். மேல் பாதிக்காக வந்து நின்றவர்கள், வந்ததற்குக் கீழ்ப் பாதியையும் படித்துவிட்டுப் போனார்கள். இப்படியே மூன்று வருஷத்தில் ஏழாவது கிராஸ் ஆங்கிலத்தில் எவ்வளவு தேறிவிட்டது என்றால், தெருவில் படுத்திருந்த மாடுகள்கூட 'எக்ஸ்கியூஸ் மீ' என்றால்தான் எழுந்து வழிவிடும். 'ஹை ஹை' என்று கத்தினால் படிக்காதவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.

இரண்டு பாதியையும் எழுதியவர் ஏகாம்பரம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, எண்ணூறு பேர் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பார்த்தவர். ரிடையரான மறுநாள் எழுந்தபோது, வருவார் போவார் யாருமில்லை. மனைவி மரகதம் எத்தனை மணிக்குக் காபி கலந்தாள், எத்தனை மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாள், எத்தனை நிமிஷம் லேட்டாகத் திரும்பினாள் என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மரகதமே ஒரு சாக்பீஸ் டப்பாவை வாங்கி அவர் கையில் திணித்தாள்.

"சங்கத்துச் செவுத்துல ஒரு போர்டு சும்மாதான் கெடக்குது. அங்க போய் எது வேணா எழுதுங்க. என்னை உட்டுடுங்க, புண்ணியமாப் போவும்."

அன்று எடுத்த சாக்பீஸை ஏகாம்பரம் கீழே வைக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். வால்வு திறக்கிற நஞ்சுண்டப்பா முந்தின நாள் சாயங்காலம் பேக்கரியில் ஒரு டீயும் பன்னும் ஏகாம்பரத்தின் செலவில் சாப்பிட்டுவிட்டு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவார். ஏகாம்பரம் உடனே போய் எழுதுவார். டைம் ஆபீஸ் பழக்கம் விரலில் ஊறிக் கிடந்தது. எங்கே எந்த மணியை எழுதினாலும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாகத்தான் எழுதுவார். சிவப்பு சாக்பீஸில் அடியில் இரண்டு கோடு இழுக்காமல் அவர் கை பலகையை விட்டு இறங்காது.

இந்த மகிழ்ச்சிக்கு ஆபத்து 2003 மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வந்தது. கொண்டுவந்தவர் செக்ரட்டரி முனிகிருஷ்ணன். ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இல்லாத புடவையைக்கூட விரித்துக் காட்டி விற்கக் கூடியவர். அன்று அவர் மேஜைமேல் விரித்தது புடவை அல்ல, ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே குட்டி ட்யூப் லைட், வெளியே குட்டிப் பூட்டு.

"பெங்களூரே இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஓடுது. நம்ம தெருவுல மட்டும் இன்னும் சாக்பீஸ் தூள்" என்றார் முனிகிருஷ்ணன். "அந்தப் போர்டைக் கழட்டிட்டு, இந்தப் பெட்டிய மாட்டுவோம். தண்ணி டைமை நானே வூட்டுல பிரிண்ட் எடுத்து ஒட்டிடுறேன். ஏகாம்பரம் பாவம், வயசான காலத்துல ஸ்டூல் மேல ஏறி எறங்கி எதுக்கு கஷ்டப்படணும்?"

ஏகாம்பரத்துக்கு அந்தப் பாவமும் வயசும் ஒரே நேரத்தில் சுட்டன. எழுந்து நின்றார்.

"தண்ணி டைமை நீ ஒட்டிடுவே. கீழ்ப் பாதி?"

"அது எதுக்குப்பா? மூணு வருஷமா எழுதிட்டே. இங்கிலீஷ்ல இன்னுமா வார்த்தை மீதி இருக்குது?"

"வார்த்தையா? ஒரே ஒரு வார்த்தைய வெச்சிக்கினு முப்பது நாள் போர்டை ஓட்டுவேன். தினம் ஒரு புது அர்த்தம். ஓட்டலைன்னா நானே ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழட்டி உன் கையில குடுக்குறேன்!"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "எந்த வார்த்தை?" என்று முனிகிருஷ்ணன் கேட்டார்.

ஏகாம்பரம் அதை யோசித்திருக்கவில்லை. நல்லவேளையாக அந்த நிமிஷத்தில் வெளியே நரேஷின் சுமோ ஹாரனை அலறவிட்டது. கால் சென்டருக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன் அவன். "மேடம், பிக்கப்! பிக்கப் வந்திருக்குது!" என்று, அங்கே வேலை பார்த்த தீபிகாவின் வீட்டைப் பார்த்துக் கத்தினான்.

"பிக் அப்" என்றார் ஏகாம்பரம், ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்தவர்போல.

"நாளன்னிக்கு ஏப்ரல் ஒண்ணு" என்றார் முனிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே. "பொருத்தமான தேதிதான், ஆரம்பிச்சிடு."

நடுவராக ஜோசஃபின் மேடத்தைப் போட்டார்கள். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே பெரிய அகராதி அவர் வீட்டில்தான் இருந்தது. பேக்கரித் தராசில் வைத்தபோது மூன்று கிலோ நானூறு காட்டியதாகச் சொல்வார்கள். அதைத் தூக்க இரண்டு பேரும், புரட்ட ஒருவரும் வேண்டும். ஜோசஃபின் மேடம் நிபந்தனை போட்டார். "மிஸ்டர் ஏகாம்பரம், என் டிக்‌ஷனரிய முப்பது நாளும் நீங்க தொடக் கூடாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் பக்கத்துல, அதுக்குச் சமமான வேற வார்த்தை ஒண்ணு எழுதணும். அந்த வார்த்தை ரெண்டு தடவை வந்தா நீங்க அவுட்."

முதல் பத்து நாள் ஏகாம்பரம் சக்கரவர்த்தியைப்போல ஸ்டூலில் ஏறி இறங்கினார். முதல் நாள், கீழே கிடப்பதைத் தூக்குவது; சமமான வார்த்தை லிஃப்ட். இரண்டாம் நாள் நரேஷின் சுமோ: ஆளைப் போய் ஏற்றிக்கொள்வது, கலெக்ட். மூன்றாம் நாள் போனை எடுப்பது, ஆன்சர். ஒரு மொழியைக் காதால் கேட்டே பழகிக்கொள்வதும் பிக் அப்தான், லேர்ன். சளி பிடிப்பது, வண்டி வேகம் எடுப்பது, படுத்திருந்த வியாபாரம் எழுந்திருப்பது, படுத்திருந்த நோயாளி எழுந்திருப்பது, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைப்பது, காற்று வலுப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு சின்னஞ்சிறு வார்த்தை இத்தனை வீட்டுக்கு வேலை செய்கிறதே என்று ஏழாவது கிராஸ் வாயைப் பிளந்தது. சோப்பு வாங்கப் போனவர்கள் கடையில் சோப்பை பிக் அப் செய்தார்கள். அழுத குழந்தையை பிக் அப் செய்தார்கள். ரசத்தில் உப்பு கொஞ்சம் பிக் அப் ஆகவில்லை என்று ஒரு மாமனார் குறை சொன்னார். அதை ஜோசஃபின் மேடம் செல்லாது என்று அறிவித்தார்.

பதினோராம் நாள்தான் முதல் வில்லங்கம். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து சிநேகம் பிடிப்பது என்று ஏகாம்பரம் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டு கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

"இந்த அர்த்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மரகதம்.

"டிக்‌ஷனரியில இருக்குது, மரகதம்."

"டிக்‌ஷனரி ஜோசஃபின் வூட்டுல இருக்குது. அங்க எப்போ போனீங்க?"

"அது இல்லம்மா. இது பேக்டரி லைப்ரரில படிச்சது."

"டைம் ஆபீஸ்ல டைம் பாக்காம இதைத்தான் பாத்துக்கினு இருந்தீங்களா? முப்பத்திரண்டு வருஷமா?"

அன்று மதியத்தை ஏகாம்பரம் பேக்கரி பன்னோடு ஓட்டினார்.

மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போவது என்று அர்த்தம் எழுதி, கை சும்மா இராமல், 'நேற்று ஒரு செக்ரட்டரியை போலீஸ் பிக் அப் செய்தது' என்று வாக்கியமும் எழுதினார். போர்டில் இருந்தால் அது நடந்துதானே இருக்கும்? ஒன்பது மணிக்குள் முனிகிருஷ்ணன் வீட்டு வாசலில் பதினெட்டு ஜோடி செருப்பு. இரண்டு டஜன் வாழைப்பழம். ஒருவர் ஜாமீனுக்கு வக்கீலையே கையோடு அழைத்து வந்திருந்தார். முனிகிருஷ்ணனின் மனைவி யசோதாவைப் பிடித்துக்கொண்டு நான்கு பெண்கள் அழுதார்கள். பல்லில் பிரஷ்ஷோடு உள்ளே இருந்து வந்த முனிகிருஷ்ணனைப் பார்த்ததும், "அதுக்குள்ள உட்டுட்டாங்களா?" என்று கேட்டு, எவ்வளவு செலவாச்சு என்றும் விசாரித்தார்கள்.

"அது எடுத்துக்காட்டு வாக்கியம்!" என்று முனிகிருஷ்ணன் நுரையைத் துப்பிக்கொண்டே கத்தினார்.

"இருக்கட்டும் அண்ணே, ஜாக்கிரதையா இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருபது தாண்டியதும் ஏகாம்பரத்தின் கன்னம் ஒட்ட ஆரம்பித்தது. தொழிற்சாலை லைப்ரரியில் படித்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. எதிரில் வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்க வேலையில எங்கன்னா பிக் அப் வருதா?" என்று கேட்டார். மோப்ப நாய் வைத்திருந்த ஒருவர், வாசனையைப் பிடிப்பது என்றார். தீபிகா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி விழுந்துகொண்டே, "எங்க ட்ரெய்னிங்ல சொன்னாங்க அங்கிள், எதிர்ல இருக்கிறவங்க சொல்லாததைப் புரிஞ்சிக்கிறதுக்கும் பிக் அப்தான்" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். மரகதமே மனமிரங்கி, ஜாக்கெட் புடவை பார்டரின் நிறத்தை பிக் அப் பண்ணுது என்று கடையில் சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னாள். அன்று அவருக்குத் தட்டு நிமிர்ந்தது.

இருபத்தாறாம் நாள் தள்ளாடினார். சாமானைத் தூக்கி ஏற்றுவது என்று எழுதி, சமமான வார்த்தையாக ரெய்ஸ் என்று போட்டார். ஜோசஃபின் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மிஸ்டர் ஏகாம்பரம், இது மொத நாள் வந்த ஆளு. சட்டைய மாத்திப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க." பன்னிரண்டு மணிவரை அவகாசம் கொடுத்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு, இறைந்து கிடக்கும் அறையை ஒழுங்குபடுத்துவது என்று எழுதித் தப்பித்தார். முனிகிருஷ்ணன் எதிர் வரிசையில் நின்று கண்ணாடிப் பெட்டியை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் துடைத்தார். ஏகாம்பரம் பார்க்கும்போது மட்டும் துடைத்தார்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் நஞ்சுண்டப்பா பேக்கரிக்கு வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார் என்று பேக்கரிக்காரர் சொன்னார். மறுநாள் தண்ணீர் நாள். நேரம் யாருக்கும் தெரியாது. ஏகாம்பரம் வழக்கத்துக்கு விரோதமாக மேல் பாதியைக் காலியாக விட்டார். அவர் மண்டைக்குள் அப்போது தண்ணீருக்கு இடமில்லை. மீதி இரண்டு அர்த்தம் எங்கே கிடைக்கும் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி விடிகாலையில் குழாய்கள் காற்றைக்கூட விடவில்லை. தெருவே கவலையில் இருந்தது. ஏழு மணிக்கு ஸ்டூலில் ஏறியபோது ஏகாம்பரத்துக்கு ஒரு அர்த்தம் பளிச்சென்று வந்தது. நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது! சமமான வார்த்தை ரெஸ்யூம்! சந்தோஷத்தில் வாக்கியத்தை மளமளவென்று எழுதினார்: 'இட்லி சாப்பிடுவதற்காக நிறுத்திய சண்டையை மாமியாரும் மருமகளும் 11 மணிக்கு பிக் அப் செய்தார்கள்.' கை தானாகவே பதினொன்றைப் பெரிதாக்கியது. சிவப்பு சாக்பீஸை எடுத்தது. இரண்டு கோடு இழுத்தது. ஏகாம்பரம் இறங்கி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, குளித்துச் சாப்பிட வீட்டுக்குப் போனார்.

பத்தரைக்கு வெளியே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏழாவது கிராஸ் முழுவதும் பிளாஸ்டிக் குடம். பச்சை, சிவப்பு, நீலம் என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தேர்த் திருவிழா. டிரம்கள், அண்டாக்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, ஒரு வீட்டில் தேங்காய் மூடிகூட வைத்திருந்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். வேலைக்குப் போனவர்கள் குடத்தைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இன்னா இது, அன்னம்மா?" என்றார் ஏகாம்பரம், முதல் குடத்தின் சொந்தக்காரியிடம். அன்னம்மாள் எதிர்வீடு, தெருக்குழாயில் அவளுக்கு முன்னால் ஒருவர் குடம் வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

"தண்ணிக்குத்தான் அண்ணே. போர்டுல பதினொண்ணுன்னு போட்டியே."

"அது தண்ணி இல்லம்மா! அது மாமியார் மருமக சண்டை!"

"சண்டைய எப்போ வேணா போட்டுக்கலாம். தண்ணி பதினொண்ணுதானே?"

"அன்னம்மா, அது ஒரு வாக்கியம்..."

"செவப்புல கோடு போட்டிருக்குதா இல்லியா?"

"போட்டிருக்குது."

"அப்புறம் இன்னா?"

பக்கத்தில் ஒரு இருமல். முனிகிருஷ்ணன். கீழ்ப் பாதியை முழுதாகப் படித்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள். முகத்தில் ஆயிரம் வாட் பல்ப்.

"பதினொண்ணு அஞ்சுக்கு ஜெனரல் பாடி மீட்டிங் வெச்சிடலாம் ஏகாம்பரம். இத்தினி ஜனத்தைக் காலிக் கொடத்தோட நிக்க வெச்ச போர்டை யாரு வெச்சிக்குவாங்க? முப்பதாம் நாள் வரைக்கும் போக வேணாம். ஸ்டூலை நானே புடிச்சிக்கிறேன், நீ பத்திரமா ஏறு."

ஏகாம்பரம் நடந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கால்தான் அவரைத் தெருமுனைக்கு, வால்வுக் குழியின் இரும்பு மூடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. நஞ்சுண்டப்பா இல்லாத மூடி. அதைப் பார்த்துக்கொண்டு, குடத்துக்காரர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை தேடினார். ஒரு மாதமாக வார்த்தை தேடியே பழகியவருக்கு இன்று ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி கட்டியிருந்தது. ஓட்டி வந்த இளைஞன் மூடியைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ஏகாம்பரத்தைப் பார்த்துக் கன்னடம் கலந்த தமிழில் பேசினான்.

"ஸ்வாமி, இது ஏழாவது கிராஸ்தானே? நான் மாதேஷ். ஹெப்பகோடி சைடு. நஞ்சுண்டப்பா வர்ற வரெக்கும் இங்க நானுதான்."

"தண்ணி... இன்னைக்கு எத்தினி மணிக்குத் தெறக்கணும்னு சொன்னாரா?" என்றார் ஏகாம்பரம்.

"டைம் ஏனு சொல்லல. அந்தத் தெருவுல ஒரு போர்டு இர்க்கும், அதுல எழுதிருப்பாங்க, நோடிட்டு, அதைப் பாத்துட்டு தெறன்னு சொன்னார். போர்டு நோடிட்டேன்." மாதேஷ் சாவியை அவிழ்த்தான். "இங்கிலீஷ் அஷ்டு வராது ஸ்வாமி, ஆனா நம்பர் தெரியும். ஹன்னொந்து, பதினொண்ணு. செவப்புல ரெண்டு கோடு வேற போட்டிருக்காங்க. கரெக்ட்தானே?"

உண்மையைச் சொல்ல ஏகாம்பரம் வாயைத் திறந்தார். திறந்தபோதே தெருவின் அத்தனை குடமும் கண்ணில் தெரிந்தது, அன்னம்மாள் தெரிந்தாள், ஸ்டூலைப் பிடிக்கத் தயாராக நின்ற முனிகிருஷ்ணன் தெரிந்தார். வாயை மூடிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தேழு.

டைம் ஆபீஸ் ஏகாம்பரம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மூணு நிமிஷம் இருக்குதுப்பா. அவசரப்படாதே. நம்ம தெருவுல எல்லாம் கரெக்ட் டைம்."

பதினொன்று அடித்ததும் மாதேஷ் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருப்பினான். முதலில் குழாய்கள் இருமின. பிறகு கனைத்தன. பிறகு தண்ணீர் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தண்ணீரை ஜோகுபாளையம் கண்டதில்லை. மற்ற நாளெல்லாம் நாலோ ஐந்தோ, விடிகாலையில் திறந்ததும் அக்கம்பக்கத்து எட்டு கிராஸும் ஒரே நேரத்தில் உறிஞ்சும். ஏழாவது கிராஸுக்கு நூல் மாதிரி ஒழுகும். பதினொரு மணிக்கு மற்ற கிராஸ்களின் குடமெல்லாம் நிரம்பி ஓய்ந்திருந்தன. வந்த தண்ணீர் அத்தனையும் ஒரே தெருவுக்கு. அன்னம்மாளின் முதல் குடம் அடித்த வேகத்தில் அவள் கையைவிட்டு எகிறி, மூன்று வீடு தாண்டிப் போய்த்தான் நின்றது என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

தெருவின் கடைசி வீடு முனிகிருஷ்ணனுடையது. அந்த மாடித் தொட்டி கட்டிய நாளிலிருந்து பாதிக்குமேல் நிறைந்ததில்லை. யசோதா அதில் காய்ந்த மிளகாய் கொட்டி வைக்கலாமா என்றுகூட யோசித்தவள். அன்று அது நிரம்பி, வழிந்து, ஜன்னல் வழியே சளசளவென்று கொட்டியது. மழை என்று நினைத்து முனிகிருஷ்ணன் கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்க ஓடினார்.

பதினொன்று ஐந்துக்கு ஜெனரல் பாடி கூடவில்லை. கூட யாருக்கும் கை காலியில்லை.

அன்று மதியம் ஏகாம்பரம் நடந்ததை மரகதத்திடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து, கையில் இருந்த கரண்டியைச் சாம்பாரிலேயே போட்டுவிட்டாள்.

"நாளைக்கு இன்னா பண்ணுவீங்க? முப்பதாவது?"

"ஒண்ணுமே இல்ல மரகதம். தொடச்சுப் பாத்துட்டேன், மண்டை காலி. நாளைக்கு ஜோசஃபின் மேடம் பன்னெண்டு மணிக்கு வருவாங்க. நான் ஸ்டூல் மேல ஏறி போர்டைக் கழட்டிக் குடுத்துட வேண்டியதுதான். தண்ணி வந்துச்சு, அதுக்காக பந்தயத்துல பேச்சு மாறக் கூடாதுல்ல?"

மரகதம் சாம்பாரிலிருந்து கரண்டியை எடுத்தாள். அவருக்கு அன்று இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

முப்பதாம் தேதி காலை. ஏகாம்பரம் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலின்மேல் வெறுமனே நின்றார். மேல் பாதியும் காலி, கீழ்ப் பாதியும் காலி. மணி ஒன்பதரை.

"ஏகாம்பரம்" என்று கீழே இருந்து ஒரு குரல். முனிகிருஷ்ணன். கையில் கண்ணாடிப் பெட்டி இல்லை. மஞ்சள் துணியும் இல்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "எறங்கு, ஒரு விஷயம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குது. அதுக்குள்ள கழட்டச் சொல்லாதே."

"கழட்டறது கெடக்கட்டும்ப்பா. நாளைக்குத் தண்ணி நாள். இன்னா டைம் எழுதப் போறே?"

"எனக்கு இன்னா தெரியும்? அந்தப் புது வால்வுக்காரன் மாதேஷு என்னைக் கேக்குறான், நான் யாரைக் கேக்குறது?"

முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "பதினொண்ணே எழுதேன்."

ஏகாம்பரம் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். "ஏன், உன் கண்ணாடிப் பொட்டியில நீயே பிரிண்ட் போட்டு ஒட்டிக்கோயேன். பன்னெண்டு மணிக்கு மேல இந்தச் செவுரு உனக்குத்தானே வரப் போவுது?"

"நான் ஒட்டுனா இன்னா பேசுவாங்க? செக்ரட்டரி தன் கடைசி வூட்டுக்குத் தண்ணியத் திருப்பிக்கினான்னு பேசுவாங்க. கேக்க மாட்டாங்களா? போர்டுல நீ எழுதினா ஒருத்தனும் கேக்க மாட்டான். போர்டு சொல்லிச்சும்பான்." குரலை இன்னும் இறக்கினார். "நேத்து யசோதா மாடித் தொட்டிய எட்டிப் பாத்துட்டு அழுதுட்டாய்யா. கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் வாங்கிக் குடுத்த எதைப் பாத்தும் அவ அப்படி அழுததில்ல."

"அப்போ பந்தயத்தை விட்டுக் குடுத்துடு."

"குடுக்கலாம். ஆனா ஏன் உட்டுக் குடுத்தேன்னு கேப்பாங்களே. நீ ஜெயிச்சா ஒரு பேச்சும் கெடையாது."

"ஜெயிக்க எங்கிட்ட அர்த்தம் இல்லியே, முனிகிருஷ்ணா. சத்தியமா இல்ல."

முனிகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "ராத்திரி பூரா நானும் யசோதாவும் உக்காந்து யோசிச்சோம். அவ ஸ்வெட்டர் பின்னுவா தெரியுமில்ல. பின்னும்போது ஊசியிலேர்ந்து ஒரு கண்ணி நழுவிடுமாம். அந்த நழுவுன கண்ணியத் திருப்பிப் புடிச்சு ஊசியில ஏத்துறதுக்கு, அவ வெச்சிருக்குற இங்கிலீஷ் பின்னல் புக்குல இன்னா போட்டிருக்குது தெரியுமா?"

ஏகாம்பரம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்லமெல்ல விடிந்தது.

"சமமான வார்த்தை?"

"ரெக்கவர்னு அதுலியே எழுதியிருக்குது."

ஜோசஃபின் மேடம் பன்னிரண்டு மணிக்குக் காத்திராமல் பத்துக்கே வரவழைக்கப்பட்டார். இரண்டு பேர் அகராதியைத் தூக்கிவந்தார்கள். ஏழாவது கிராஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கங்கள் புரண்டன. மேடத்தின் விரல் ஒரு வரியில் நின்றது, நகர்ந்தது, திரும்பி வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இருக்குது" என்றார். "இத்தினி வருஷமா என்கிட்ட இருக்குற டிக்‌ஷனரி. நானே இதைப் பாத்ததில்ல. மிஸ்டர் ஏகாம்பரம், உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

ஏகாம்பரம் முனிகிருஷ்ணனைப் பார்க்காமல் முனிகிருஷ்ணனைப் பார்த்தார். "ஒரு பெரிய மனுஷன் சொன்னான் மேடம்."

கைதட்டிய சத்தம் ஹலசூர் ஏரிவரை கேட்டது. அங்கே நின்றிருந்த கொக்குகள் பறந்து போனதாகக்கூடச் சொல்வார்கள். ஏகாம்பரம் ஸ்டூலில் ஏறினார். முனிகிருஷ்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், யாரும் சொல்லாமலே. மேல் பாதியில் நாளைய தண்ணீர் நேரத்தை எழுதி, சிவப்பில் இரண்டு கோடு இழுத்தார். கீழ்ப் பாதியில் அர்த்தமும், சமமான வார்த்தையும், நழுவிய கண்ணியை யசோதா பிடித்து ஏற்றிய கதையும்.

"அந்த வாக்கியத்துல மணி கிணி எதுவும் போடாதய்யா" என்றார் முனிகிருஷ்ணன் கீழேயிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "வேற நேரம் ஏதாச்சும் எழுதி வெச்சே, இன்னொரு தபா அத்தினி கொடமும் தெருவுல நிக்கும்."

அன்னம்மாள் வந்தாள். மேல் பாதியைப் பார்த்தாள். கீழ்ப் பாதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கண்ணிய வேற நழுவ உட்டுட்டாங்களா யசோதாக்கா? பாவம். எல்லாம் இந்த வெயில்" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு முதல் இடம் பிடிக்கக் குடத்தை இன்றைக்கே கொண்டுபோய் குழாயடியில் வைத்தாள்.

ஏகாம்பரமும் முனிகிருஷ்ணனும் பேக்கரிக்குப் போய் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும்படி 'பை டூ' சொன்னார்கள். இரண்டு கிளாஸில் எதில் கொஞ்சம் கூட இருக்கிறது என்று இரண்டு பேரும் உற்றுப் பார்த்தார்கள். கூட இருந்ததை முனிகிருஷ்ணன் ஏகாம்பரத்தின் பக்கம் தள்ளினார். ஏகாம்பரம் அதைத் திரும்ப அந்தப் பக்கம் தள்ளினார். இப்படி நாலைந்து தடவை போய் வந்ததில் காபி ஆறிப்போய்விட்டது. இருவரும் அதை ரொம்ப ரசித்துக் குடித்தார்கள்.